மிச்சம் கிடைத்த வருடங்கள்

1

பெரியப்பாவுக்கு சுகர் வந்தது 66 வயதில். எங்கள் குடும்பத்தில் அது ஒரு செய்தியே இல்லை. பந்தியில் பாயசம் வரும்போது இலைக்கு மேல் கையை நீட்டி மறிப்பவர்கள்தான் பாதிப்பேர். "இத்தனை நாள் வராம இருந்ததே பெருசு" என்றார் பெரியம்மா. அவருக்கு சுகர் வந்து அப்போதே பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

பெரியப்பா மாத்திரை ஆரம்பித்தார். ராத்திரி சோறு போய் சப்பாத்தி வந்தது. விடிகாலையில் நடை. நாலு மாதத்தில் எட்டு கிலோ இறங்கினார். பெல்ட்டில் ஆணியைக் காய்ச்சிப் புது ஓட்டை ஒன்று போட்டுக்கொண்டார். பிறகு இன்னொன்று. ஒரு கல்யாணத்தில் பார்த்தவர்கள் எல்லாம், "என்ன மாமா, சின்னப் பையன் மாதிரி ஆயிட்டீங்க" என்றார்கள். நானும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னேன். சர்க்கரை அளவு மட்டும் இறங்கவே இல்லை. மாத்திரையைக் கூட்டினார்கள். "சுகர்காரங்க இளைக்கத்தான் செய்வாங்க" என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

பத்தாவது மாதம் கண் மஞ்சளானது. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பிறகு ஸ்கேன் எடுத்ததில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி என்று வந்தது. அதற்கப்புறம் ஐந்து மாதம் இருந்தார்.

காரியம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பி, வீடு காலியாகிவிட்ட ஒரு மதியம் பெரியம்மா கேட்டார்: "சுகராலதான் அவருக்குக் கேன்சர் வந்துச்சாடா? காலையில ஒரு வேளை காபிக்கு மட்டும் அரை ஸ்பூன் சக்கரை போட்டுக் குடுத்துக்கிட்டே இருந்தேன். கெஞ்சுவாரு. அதனாலயா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல பெரியம்மா" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னது. பிறகு படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, நான் சொன்னது தப்பு. அவர் பயந்ததும் தப்பு. இரண்டு நோய்க்கும் சம்பந்தம் இருக்கிறது. ஆனால் அது அந்த அரை ஸ்பூனில் இல்லை. எங்கே இருக்கிறது என்று மருத்துவர்கள் நூற்று முப்பது வருடங்களுக்கும் மேலாகத் தேடியிருக்கிறார்கள். அந்தத் தேடலில் அவர்களை ஒவ்வொரு முறையும் ஏமாற்றியது காலம்தான். எது முன்னால் வந்தது, யார் எத்தனை வருடம் இருந்தார்கள் என்ற கணக்கு.

2

இரண்டுமே பழைய நோய்கள். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து நோயை அறிவது நம் வைத்திய மரபில் உண்டு. 'மதுமேகம்' என்ற பெயரிலேயே தேன் இருக்கிறது. ஐரோப்பாவில் 1674-ல் தாமஸ் வில்லிஸ் சிறுநீர் இனிக்கிறது என்று எழுதினார். 1776-ல் லிவர்பூல் மருத்துவர் மேத்யூ டாப்சன், அந்த இனிப்பு சர்க்கரைதான் என்று சிறுநீரைக் காய்ச்சிக் காட்டினார். புற்றுநோயைப் பற்றி கிரேக்கர்களே எழுதிவிட்டார்கள். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசிக்க 19-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை ஆனது. 1885-ல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் ஃபிராய்ண்ட், புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பதைப் பற்றி எழுதினார். 1888-ல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் தியோடர் டூஃபியே, நீரிழிவும் கட்டிகளும் ஒரே உடம்பில் சேர்ந்து வருவதைப் பற்றி எழுதினார்.

ஏன் அவ்வளவு தாமதம்? காரணம் எளிது. புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களைத் தேடிவரும் நோய். அன்று நீரிழிவு வந்த குழந்தைக்கு ஆயுள் ஓரிரு வருடம். பெரியவர்கள் கொஞ்சம் கூட இருந்தார்கள். ஆனால் ஆறாத புண், அழுகிய கால், காசநோய் என்று ஏதாவது ஒன்று அவர்களை முடித்துவிடும். இரண்டாவது நோய் வந்து சேரும்வரை முதல் நோய் ஆளை விட்டுவைக்கவில்லை.

பிறகு புள்ளிவிவரக்காரர்கள் வந்தார்கள். 1910-ல் மேனார்ட் என்பவர் 'பயோமெட்ரிகா' இதழில் அமெரிக்க மரணக் கணக்குகளை வைத்து ஒன்றைக் காட்டினார்: புற்றுநோய்ச் சாவு கூடுதலாக இருக்கும் இடத்தில் நீரிழிவுச் சாவும் கூடுதலாக இருக்கிறது. 1914-ல் லண்டனில் மேஜர் கிரீன்வுட்டும் ஃபிரான்சஸ் வுட்டும் அதே கேள்வியை மறுபடி கிளறினார்கள். (மேஜர் என்பது ராணுவப் பட்டம் அல்ல, அவர் பெயரே அதுதான்.)

இந்த மாதிரிக் கணக்கில் ஒரு பள்ளம் உண்டு. கிழவர்கள் அதிகம் உள்ள ஊரில் இரண்டு நோயும் அதிகமாகத்தான் இருக்கும். நல்ல டாக்டர் உள்ள ஊரில்தான் வியாதிக்குச் சரியான பெயர் விழும். மற்ற ஊரில் எல்லாமே 'காய்ச்சலில் போனார்', 'வயசாகிப் போனார்' என்றுதான் பதிவாகும். ஆகவே இரண்டு எண்களும் சேர்ந்து ஏறுவதாலேயே ஒன்று மற்றதைப் பெற்றது என்று சொல்லிவிட முடியாது. சந்தேகம் வந்துவிட்டது. அதைத் தீர்த்துக்கொள்ள, நீரிழிவோடு நீண்ட நாள் வாழும் மனிதர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அன்று போதுமான அளவு இல்லை.

3

அவர்களை உருவாக்கியது டொரன்டோ நகரம்.

1922 ஜனவரி 11. டொரன்டோ பொது மருத்துவமனையில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன் படுத்திருந்தான். எடை சுமார் 30 கிலோ. அன்று நீரிழிவுக்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, சர்க்கரையால் சாகாமல் இன்னும் சில மாதம் தள்ளிப்போடுவது. ஃபிரெடரிக் பான்ட்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த சாறு அவனுக்கு ஏற்றப்பட்டது. முதல் ஊசியில் பெரிய பலன் இல்லை, ஊசி போட்ட இடத்தில் சீழ் வைத்தது. ஜேம்ஸ் காலிப் அந்தச் சாற்றைச் சுத்திகரித்துக் கொடுத்தார். ஜனவரி 23-ல் மறுபடி போட்டார்கள். பையன் எழுந்து உட்கார்ந்தான். மேலும் 13 வருடம் வாழ்ந்து, 1935-ல் நிமோனியாவில் இறந்தான்.

அதே வருடம் பான்ட்டிங்கிடம் வந்த எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமிக்கு 15 வயதில் எடை இருபது கிலோ சொச்சம். அவள் படித்து, கல்யாணம் பண்ணி, மூன்று குழந்தை பெற்று, 1981-ல் 73 வயதில் இறந்தாள்.

ஒரு மருந்து சாவைத் தள்ளிப்போடும்போது, தள்ளிப்போன வருடங்களில் என்ன நடக்கும் என்று அது சொல்வதில்லை. நீரிழிவில் மயங்கிச் சாவது குறைந்தது. அந்த இடத்தை மாரடைப்பும் சிறுநீரகச் செயலிழப்பும் பிடித்தன. பாஸ்டனில் எலியட் ஜாஸ்லின் என்ற மருத்துவர் இதை எல்லாம் ஆள் ஆளாகக் குறித்துவைத்துக்கொண்டே வந்தார். நீரிழிவோடு 25 வருடம் தாண்டியவர்களுக்குப் பதக்கம் கொடுத்தவர் அவர். அவருடைய கிளினிக்கில் இருந்த அலெக்சாண்டர் மார்பிள் 1934-ல் நீரிழிவும் புற்றுநோயும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1959-ல், 90-ஐத் தொடும் வயதில், ஜாஸ்லினே அதே தலைப்பில் சக ஆய்வாளர்களோடு எழுதினார். பல வருட ஆய்வுக்குப் பிறகும் உறுதியான முடிவுக்கு வர முடியவில்லை என்பதுதான் சாரம். ஆயிரக்கணக்கான நோயாளிகளை வாழ்க்கை முழுக்கப் பார்த்த மனிதர், 'இன்னும் தெரியவில்லை' என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். எனக்கு அந்த வரி பிடித்திருக்கிறது.

4

இடையில் இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. 1920-களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க், புற்றுநோய் செல்கள் சாதாரண செல்களைவிட மிக அதிகமாகக் குளுக்கோஸைத் தின்கின்றன, அதையும் ஆக்சிஜன் இருக்கும்போதே நொதிக்க வைத்துத் தின்கின்றன என்று கண்டார். இன்று பெட் ஸ்கேன் எடுப்பதே இதை வைத்துத்தான். கதிரியக்கம் ஏற்றிய ஒரு வகைக் குளுக்கோஸை உடம்பில் செலுத்துகிறார்கள்; அதை அதிகம் விழுங்கும் இடம் படத்தில் ஒளிர்கிறது.

இதிலிருந்துதான் வாட்சப்பில் சுற்றும் அந்தச் செய்தி பிறந்தது: 'சர்க்கரை சாப்பிட்டால் கேன்சர் வளரும்.' பெரியம்மாவின் அரை ஸ்பூன் பயமும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் உடம்பு அப்படிக் கணக்குப் போடுவதில்லை. நாம் சாப்பிடும் சோறும் தோசையும் பழமும் குளுக்கோஸாகத்தான் மாறுகின்றன. சாப்பிடாவிட்டால் கல்லீரலே அதைச் செய்துகொள்ளும். மூளைக்கும் அதுதான் எரிபொருள். காபியை நிறுத்திக் கட்டியைப் பட்டினி போட முடியாது.

அப்படியானால் சந்தேகப்பட வேண்டியது எதை? பதில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான ஒரு மருத்துவமனையில் கிடைத்தது. ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் இருவரும் 1950-களின் கடைசியில் இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் உள்ள இன்சுலினை அளக்க ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை நீரிழிவு என்றால் இன்சுலின் பற்றாக்குறை என்றுதான் பொதுவான நினைப்பு. அளந்து பார்த்தபோது, நடுவயதுக்கு மேல் நீரிழிவு வந்தவர்கள் பலருக்கு இன்சுலின் குறைவாக இல்லை, அதிகமாக இருந்தது. இன்சுலின் கதவைத் தட்டுகிறது, செல் திறப்பதில்லை. கணையம் இன்னும் பலமாகத் தட்டுகிறது. இப்போது நாம் இரண்டாம் வகை என்று சொல்வது இதைத்தான். (தாம்சனுக்கும் எலிசபெத்துக்கும் இருந்தது முதல் வகை, அதில் இன்சுலினே சுரக்காது.) பெர்சன் 1972-ல் இறந்துவிட்டார். யாலோவுக்கு 1977-ல் நோபல் கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்சுலின் வெறும் சர்க்கரை வண்டி இல்லை. அது செல்களிடம் 'வளரு, பெருகு' என்றும் சொல்கிறது. அதற்கு நெருங்கிய சொந்தமான ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணிக்கு அதுவே முக்கிய வேலை. சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் விஷயத்தில் காது கேளாமல் போன உடம்பு, 'வளரு' என்ற கட்டளையை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? 1972-ல் ஹேசான், லெக்ரோ என்ற இரு ஆய்வாளர்கள் மார்பகக் கட்டி உள்ள எலிகளுக்கு, இன்சுலின் சுரக்கும் செல்களை ஒரு ரசாயனத்தால் அழித்தார்கள். எலிகளின் இரத்தத்தில் சர்க்கரை எகிறியது. கட்டிகளோ சுருங்கின. சர்க்கரை கொழிக்கிறது, இன்சுலின் இல்லை, கட்டிக்கு வளர வழியில்லை.

மனிதர்களில் இதற்கு ஒரு விசித்திரமான சாட்சி உண்டு. ஈக்வடார் நாட்டின் தெற்கு மலைக்கிராமங்களில் லாரன் நோய்க்குறி உள்ள மனிதர்கள் வாழ்கிறார்கள். வளர்ச்சி ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் பிறவியிலேயே குறை, அதனால் ஐ.ஜி.எஃப்-1 மிகக் குறைவு. மிகவும் குள்ளமானவர்கள். ஹைமே கெவாரா-அகிர்ரே என்ற ஈக்வடார் மருத்துவர் இவர்களில் சுமார் நூறு பேரை 22 வருடம் தொடர்ந்து பார்த்து, வால்ட்டர் லாங்கோவுடன் சேர்ந்து 2011-ல் முடிவை வெளியிட்டார். அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட நீரிழிவு இல்லை. புற்றுநோய் ஒரே ஒருவருக்கு, அதுவும் உயிரைப் பறிக்காதது. இவர்களில் பலர் பருமனானவர்கள் என்பதுதான் இதில் ஆச்சரியம். அதே ஊரில், அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட, குறை இல்லாத சொந்தக்காரர்களுக்கு இரண்டு நோயும் வந்தன.

இரண்டும் அம்மா மகள் இல்லை, ஒரே வீட்டில் வளர்ந்த அக்கா தங்கை என்பது மெல்ல மெல்லத் தெளிந்தது. கூடுதல் இன்சுலின், வயிற்றைச் சுற்றிய கொழுப்பு, அது உண்டாக்கும் ஓயாத அழற்சி, கொழுப்பு படிந்த கல்லீரல், உட்கார்ந்தே கழியும் நாள், இவற்றோடு வயது. அந்த வீட்டின் கூரை இவைதான்.

5

2010-ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் சேர்ந்து உட்கார்ந்து ஓர் அறிக்கை எழுதின. ஜாஸ்லின் முடிக்காமல் விட்ட வரிக்கு ஐம்பது வருடம் கழித்து வந்த பதில் என்று சொல்லலாம். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குக் கல்லீரல், கணையம், கருப்பையின் உட்சுவர் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கோ அதற்கு மேலோ. பெருங்குடல், மார்பகம், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் 1.2 முதல் 1.5 மடங்கு. விதிவிலக்காக, ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய் மட்டும் குறைவு. 2011-ல் 97 ஆய்வுகளின் 8,20,900 பேரைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு, நீரிழிவு உள்ளவர்கள் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம் என்றது.

'இரண்டு மடங்கு' என்ற சொல் காதில் விழுந்ததும் வயிற்றைக் கலக்கும். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். ஆயிரம் பேரில் ஐந்து பேருக்கு வரக்கூடிய ஒன்று இரண்டு மடங்கானால் பத்துப் பேருக்கு வரும். மீதி 990 பேருக்கு வராது. ஆனால் கோடிக்கணக்கானவர்களுக்கு சுகர் உள்ள ஒரு நாட்டில், அந்தக் கூடுதல் ஐந்து பேர் சேர்ந்து சேர்ந்து ஒரு பெரிய கூட்டமாகிவிடுவார்கள். தனிமனிதனுக்குச் சின்ன எண், நாட்டுக்குப் பெரிய எண். இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்வது கஷ்டம். அதனால்தான் இந்த விஷயத்தில் மக்கள் ஒன்று பயந்து ஓடினார்கள், அல்லது அதிசயத்தைத் தேடி ஓடினார்கள்.

6

முதலில் பயந்து ஓடிய கதை. 2009 ஜூனில் 'டயாபெட்டோலோஜியா' இதழில் ஒரு ஜெர்மன் ஆய்வு வந்தது. சுமார் 1,27,000 பேரின் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து, கிளார்ஜின் என்ற நீண்டநேர இன்சுலினுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்றது. செய்தி பரவியது. தினமும் ஊசி போட்டுக்கொள்பவர் மனதில் அது என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உயிரைக் காப்பதும் உயிரை எடுப்பதும் அதே சிரிஞ்சா? 2012-ல் ஒரிஜின் என்ற பெரிய சோதனையின் முடிவு வந்தது. 12,537 பேர், ஆறு வருடத்துக்கு மேல், குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துப் பார்த்தது. கிளார்ஜின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் புற்றுநோயில் வித்தியாசமே இல்லை.

மறு வருடம் நம் ஊரில் ஒரு கலவரம். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சந்தேகத்தில் பயோகிளிட்டசோன் என்ற மலிவான மாத்திரையை 2013 ஜூனில் இந்திய அரசு நிறுத்தியது. ஜூலை முடியும்போது, எச்சரிக்கை வாசகத்தோடு விற்கலாம் என்று தடையை நீக்கியது. ஆறு வாரம்.

அதிசயத்தைத் தேடி ஓடிய கதை இன்னும் சுவையானது. ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஊதாப் பூ. அதில் உள்ள ஒரு சரக்கின் வழியே வந்ததுதான் மெட்ஃபார்மின். டப்ளினில் அதை முதலில் தயாரித்தது 1922-ல், டொரன்டோவில் அந்தப் பையனுக்கு ஊசி போட்ட அதே வருடம். ஆனால் இன்சுலின் வெளிச்சத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. 1957-ல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 'குளுக்கோஃபாஜ்' என்று பெயர் வைத்தார். குளுக்கோஸ்தின்னி. இன்று நம் வீடுகளில் பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும் வெள்ளை மாத்திரை அதுதான்.

2005-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஒரு யோசனை உதித்தது. அங்கே டாரியோ அலெஸ்ஸி, கட்டியை அடக்கும் ஒரு மரபணுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த மரபணு இயக்கும் அதே நொதியை மெட்ஃபார்மினும் தட்டி எழுப்புகிறது. அப்படியானால் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்குப் புற்றுநோய் குறைவா? அதே ஊரில் ஆண்ட்ரூ மோரிஸ் குழுவிடம் வட்டாரத்து நீரிழிவு நோயாளிகளின் பதிவுகள் இருந்தன. பார்த்தார்கள். குறைவாகத்தான் இருந்தது! ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்க ஆய்வுகள் குவிந்தன. சில ஆய்வுகளில் பாதியாகக் குறைகிறது என்றுகூட வந்தது. சுகர் இல்லாதவர்கள்கூட 'நாமளும் ஒண்ணு போட்டுக்கலாமா' என்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

2012-ல் மான்ட்ரியாலின் சாமி சுயிஸ்ஸா, லோரான் அசூலே இருவரும் இந்த ஆய்வுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பலவற்றில் காலக்கணக்குத் தப்பு. அந்தத் தப்பை நம் ஊர் உதாரணத்தில் சொல்கிறேன். அறுபதாம் கல்யாணம் பண்ணிக்கொண்ட யாருமே அறுபது வயதுக்கு முன் இறந்ததில்லை. ஆகவே அறுபதாம் கல்யாணம் ஆயுளைக் கூட்டும்! சிரிப்பு வருகிறதா? அறுபதுவரை இருந்தவர்களுக்குத்தானே அந்தக் கல்யாணம். அதே மாதிரி, 'பத்து வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்' என்ற பட்டியலில் இடம்பிடிக்க ஒருவர் அந்தப் பத்து வருடம் புற்றுநோய் வராமல் இருந்தாக வேண்டும். அந்தப் பத்து வருடத்தையும் மாத்திரையின் புண்ணியத்தில் சேர்த்துவிட்டார்கள்.

கடைசித் தீர்ப்பு மறுபடி டொரன்டோவில்தான் எழுதப்பட்டது. பமேலா குட்வின் என்ற மருத்துவர், அந்தப் பழைய பொது மருத்துவமனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள மவுண்ட் சினாயில் வேலை பார்ப்பவர். மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களில் இன்சுலின் அதிகம் உள்ளவர்களுக்கு நோய் திரும்புவதும் சாவும் அதிகம் என்று 2002-லேயே காட்டியவர் அவர். ஆகவே இன்சுலினைக் குறைக்கும் மெட்ஃபார்மின் கைகொடுக்கும் என்று நம்பினார். நாலு நாடுகளில் நீரிழிவு இல்லாத 3,649 மார்பகப் புற்றுநோயாளிகள். பாதிப்பேருக்கு மெட்ஃபார்மின், பாதிப்பேருக்கு வெறும் மாத்திரை, ஐந்து வருடம். 2022-ல் முடிவு வந்தது. நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லை. இருபது வருடம் நம்பிய ஒன்றைத் தானே சோதித்து, பலிக்கவில்லை என்று தன் பெயரில் அச்சிட்டார். இன்சுலின் கண்டுபிடித்த நூறாவது வருடத்தில் அதே தெருக்களில் நடந்த இந்த வேலையும் அதற்குக் குறைந்ததில்லை என்று நினைக்கிறேன்.

மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு நல்ல மருந்து. அதைச் சர்க்கரைக்குச் சாப்பிடுவோம்.

7

இப்போது பெரியப்பாவின் பெல்ட்டுக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்றொரு ஊர். மேயோ கிளினிக் அங்கேதான் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களின் மருத்துவப் பதிவுகள் பல பத்தாண்டுகளுக்குத் தொடர்ச்சியாகக் கிடைக்கும். சுரேஷ் சாரி என்ற மருத்துவர் 2005-ல் தன் குழுவோடு அந்தப் பதிவுகளைப் புரட்டினார். 50 வயதுக்கு மேல் புதிதாக நீரிழிவு வந்த 2,122 பேர். அவர்களில் 18 பேருக்கு மூன்று வருடத்துக்குள் கணையப் புற்றுநோய் தெரியவந்தது. நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆனால் மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ எட்டு மடங்கு.

இதில் அம்புக்குறி திரும்பி நிற்கிறது. சுகர் கேன்சரைக் கொண்டுவரவில்லை. கண்ணுக்குத் தெரியாத கேன்சர்தான் சுகரைக் கொண்டுவந்திருக்கிறது. கணையத்தில் உருவாகும் கட்டி, வலியோ காமாலையோ காட்டுவதற்கு மாதங்கள் முன்பே உடம்பின் சர்க்கரைக் கணக்கைக் குலைத்துவிடுகிறது. சாதாரணமாக இரண்டாம் வகை நீரிழிவு எடை கூடும்போது வரும். வயதான காலத்தில் புதிதாக சுகர் வந்து, அதோடு எடையும் இறங்கி, மருந்துக்கும் சர்க்கரை கட்டுப்படாமல் போனால், அது ஒருமுறை வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டிய சேதி. எல்லோருக்கும் அல்ல, நூறில் 99 பேருக்கு அது வெறும் சுகர்தான். ஆனால் அந்த மூன்றும் சேர்ந்து வரும்போது கேட்டுவிட வேண்டும்.

பெரியப்பாவுக்கு மூன்றும் இருந்தன. பெல்ட்டில் ஓட்டை ஓட்டையாக எழுதியிருந்தது. நாங்கள் அதைப் பார்த்துப் பாராட்டினோம்.

8

இங்கிலாந்தில் 2001 முதல் 2018 வரை நீரிழிவு உள்ளவர்கள் எதனால் இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு பார்த்தது. ஆரம்பத்தில் முதலிடத்தில் இருந்தது மாரடைப்பும் பக்கவாதமும். கடைசியில் முதலிடத்தில் இருந்தது புற்றுநோய். அது திடீரென்று பெருகியதால் அல்ல. இரத்த அழுத்த மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் இதயச் சாவுகளைக் குறைத்ததால். அதே நாட்டில் 1,37,804 இரண்டாம் வகை நோயாளிகளைப் பார்த்து 2023-ல் வந்த இன்னொரு ஆய்வு, 55, 65 வயதுகளில் புற்றுநோய்ச் சாவு குறைந்திருக்கிறது, 75, 85 வயதுகளில் கூடியிருக்கிறது என்றது. டொரன்டோவில் தொடங்கிய அதே கதைதான். ஒரு சாவைத் தள்ளிவைத்தோம். மிச்சம் கிடைத்த வருடங்களில் இன்னொன்று வந்து நிற்கிறது. அந்த வருடங்கள் கிடைத்தது நஷ்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவற்றில் என்ன காத்திருக்கிறது என்று பார்ப்பவர்கள் வேண்டும்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்கிறது. நம்மவர்கள் இளம் வயதிலேயே அதைப் பெறுகிறார்கள். முன்பைவிட நீண்ட நாள் வாழவும் போகிறார்கள். சுகர் டாக்டரிடம் போனால் காலைப் பார்க்கிறார்கள், கண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள், சிறுநீரகத்துக்கு டெஸ்ட் எழுதுகிறார்கள். ஐம்பது வருட அனுபவம் கட்டிய நல்ல பழக்கம் அது. அந்தப் பட்டியலில் இன்னும் நாலு கேள்விகளுக்கு இடம் இருக்கிறது. மார்பகப் பரிசோதனை செய்தீர்களா? மாதவிடாய் நின்ற பிறகு எப்போதாவது இரத்தம் பட்டதா? மலத்தில் இரத்தமோ, பழக்கத்தில் மாற்றமோ உண்டா? முயற்சி செய்யாமலே இளைத்தீர்களா? கேட்க ஐந்து நிமிடம் ஆகாது.

போன மாதம் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். பழைய பதிலைத் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது. சர்க்கரையும் கேன்சரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றேன். பெரியப்பா விஷயத்தில் பெரும்பாலும் கட்டிதான் முதலில் வந்திருக்கும், சுகர் அதன் நிழல் என்றேன். "உங்க காபி இல்ல பெரியம்மா. அரை ஸ்பூன் இல்ல."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்த பெல்ட்ட பாத்தப்பவே நாம கேட்டிருக்கணும்ல" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கேட்டிருந்தாலும் காப்பாற்றியிருப்போம் என்று சொல்ல முடியாது. கணையம் கொடுக்கும் அவகாசம் அவ்வளவு குறைவு. கேட்டிருக்கலாம் என்பது மட்டும் உண்மை.

"உங்களுக்கு சுகர் வந்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்றேன்.

"பதினஞ்சு."

"மேமோகிராம் எடுத்திருக்கீங்களா?"

"அப்படின்னா என்னடா?"

சொன்னேன். வெட்கப்பட்டார். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு, எனக்கு என்ன வரப்போகுது" என்றார். மற்ற மூன்று கேள்விகளையும் கேட்டேன். மகன் மாதிரி இருந்துகொண்டு இதெல்லாம் கேட்கிறானே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் பதில் சொன்னார். அடுத்த வாரம் ரெண்டு பேரும் போனோம். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை.

திரும்பும்போது காபி குடித்தோம். பெரியம்மா சர்க்கரை வேண்டாம் என்றார். எனக்கு மட்டும் அரை ஸ்பூன் போடச் சொன்னார்.